சுவடு

காலை ஏழு மணி.
லின்ஃபோர்டு கவுண்டியின் கழிவுநீர் நிலையம்,
மூன்றாம் தொட்டிக்குப் பின்புறம்,
மூக்கு எப்போதோ சமாதானமாகிவிட்ட இடம்.
நாலு காலில் நிற்கும் வெள்ளைப் பெட்டி.
பக்கத்தில் எட்டு அங்குல வாய்கொண்ட தகரக் குழாய்.
இரவுப் பணி முடித்துக் காருக்குப் போகிற வழியில்
நான்தான் குனிய வேண்டும்.
இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது,
காலுறை நனைவது உண்டு.

அளவுகோலை விடு, எடு,
ஈரம் ஏறிய கோட்டைப் படி.
அதிக வெப்பம், குறைந்த வெப்பம், மழை.
ஓரத்தில் குறிப்பு என்றொரு சின்னக் கட்டம்.
அதில் எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை.

அலமாரியில் 1931 முதல் தாள்கள்.
முதல் கையெழுத்து ஆர்லோ ஃபென்ஸ்டர்மேக்கருடையது.
ஆப்பிள் தோட்டக்காரர்.
ஏழு என்ற எண்ணுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவார்.
முப்பத்தாறு ஜூலையில் நூற்றியாறு டிகிரி என்று எழுதி
அதன் கீழேயே அழுத்தி மறுபடியும் எழுதியிருக்கிறார்,
எதிரே யாரோ நம்பாமல் நின்றதுபோல.

நாற்பத்துநாலு பிப்ரவரியில்
பதினோரு நாள் வெற்று.
குறிப்புக் கட்டத்தில் மட்டும்: தந்தி வந்தது.
பன்னிரண்டாம் நாள்: வெண்பனி, நாலு அங்குலம்.
அந்த நாலில் கை நடுங்கியதாகத் தெரியவில்லை.

தோட்டம் விலைபோனது.
பெட்டி அஞ்சலகக் கூரைக்கு ஏறியது,
தார் பூசிய கூரை, கோடையெல்லாம் மிகைப்படுத்தியது.
அறுபத்தேழில் இங்கே இறங்கியது.
படிக்கும் நேரமும் அப்போதே
மாலை ஐந்திலிருந்து காலை ஏழுக்கு மாறியது.
ஒரே இரவில் கவுண்டி முழுக்கக் குளிர்ந்தது,
காகிதத்தில்.

எனவே போன மாதக் கூட்டத்தில்
வீடு கட்டி விற்கும் ரஸ்ஸல் ட்ராட்மன் எழுந்து
"சூடு வானத்தில் இல்லை,
மால் வாசல் வண்டி நிறுத்தத்தில்" என்றபோது
நான் தலையாட்டினேன்.
பாதி நிஜம்தானே.
பகலில் விழுங்கிய வெயிலை
விடியும்வரை கக்குகிறது தார்.

அதற்காகத்தான் கையோடு கொண்டுபோயிருந்தேன்
பதினெட்டு மைல் தள்ளி, சோளக்காட்டு நடுவில்,
லியோனா ப்ரண்டேஜ் தன் பன்றிப் பண்ணையில் எழுதிவரும் தாள்களை.
அங்கே தார் இல்லை. மால் இல்லை.
பன்றிகள் எதையும் மிகைப்படுத்துவதில்லை.
அவள் கோடும் ஏறுகிறது,
என் கோட்டைவிடச் சற்றே சாய்வு குறைவாக.
அந்தச் 'சற்றே'யை ட்ராட்மனுக்கே கொடுத்துவிட்டேன்.
அப்புறமும் மீதி இருந்தது.
அதை யார் பெயரில் பற்று வைப்பது என்று கேட்டேன்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.
நூற்றாண்டுக்கு ஒன்று என்று பெயர் வைத்த வெள்ளம்
ஒன்பது வருடத்தில் மூன்று முறை
என் பம்ப் அறைக்கு வந்துபோனதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்த பொருள், என்றார்:
நாய்ப் பூங்காவுக்கு வேலி.

மாநில அலுவலகத்துக் கணினி
பக்கத்து நிலையங்களைப் பார்த்துப் பார்த்து
விடுபட்ட நாட்களை நிரப்பிவிடுகிறது.
ஆர்லோவின் பதினோரு நாளுக்கும்
இப்போது எண்கள் உண்டு.
பிப்ரவரி ஒன்பது: முப்பத்தொன்று.
சரியாகத்தான் இருக்கும்.
குளிர் அன்றைக்கும் இருந்திருக்கும் அல்லவா,
யாரும் வெளியே வந்து பார்க்காவிட்டாலும்.
என் அலமாரித் தாளில் மட்டும்
அந்த இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன்.

இன்று அளவுகோல் காய்ந்தே வந்தது.
ஆனால் பெய்திருக்கிறது.
அளவுக்கு எட்டாத மழைக்கும் ஒரு பதிவு உண்டு: சுவடு.
சுவட்டோடு சுவட்டைக் கூட்டினால் சுவடு, இது விதி.
முப்பது நாளும் இப்படித் தூறினாலும்
மாதக் கணக்கு அவ்வளவுதான்.

அதிகம் எழுபத்தொன்று. குறைவு ஐம்பத்தெட்டு.
மழை: சுவடு.
பேனாவை மூடப் போனவள்
திரும்ப வந்து குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
கார் முகப்புத் தூசியில் பதினாலு புள்ளி.
இரண்டு தரம் எண்ணினேன்.